செல்லாத பிரிவும் செல்லுபடியாகும் சீட்டும்

நெல்லிக்குப்பத்திலோ பக்கத்து நெய்வேலியிலோ ஓர் அங்கன்வாடியில் குழந்தையை எடை பார்த்து, உயரத்தை அளந்து, பணியாளர் தம் கைபேசியில் பதிகிறார். அந்தப் பதிவு போய்ச் சேரும் செயலிக்குப் போஷன் டிராக்கர் என்று பெயர். ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துத் திட்டத்துக்காக நாடு முழுக்க அங்கன்வாடிகளில் பயன்படும் செயலி அது. அதில் வேலை பார்த்த ஒரு மென்பொருள் பொறியாளர் 2025இல் தில்லி நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. வேலையை முறைப்படி விட்டு வந்த ஒருவர் தாம் விரும்பிய இடத்தில் சேரலாமா என்பதே வழக்கு.

நடந்தது இதுதான். அவர் 2022 ஜனவரியில் டாஃபோடில் சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அரசுக்குச் சொந்தமான டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர். போஷன் டிராக்கர் வேலை அவர்களுக்காக நடந்தது. பொறியாளர் பதவி விலகல் கடிதம் கொடுத்து, மூன்று மாத நோட்டீஸ் காலத்தையும் முழுதாக முடித்துவிட்டு, 2025 ஏப்ரலில் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷனிலேயே சேர்ந்தார். வேலையை விட்டபின் மூன்று ஆண்டுகள் நிறுவனத்தின் வணிகக் கூட்டாளிகளிடம் வேலைக்குச் சேரக் கூடாது என்று அவருடைய பணி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதைக் காட்டி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மாவட்ட நீதிமன்றம் தடை உத்தரவும் போட்டுவிட்டது. ஜூன் 25ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பழைய முதலாளியிடமே கிட, இல்லையேல் சும்மா இரு என்ற நிலைக்கு ஓர் ஊழியரைத் தள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

பொறியாளர் வென்றார். ஆனால் இந்தத் தீர்ப்பில் சட்டம் புதிதாக எதையும் சொல்லவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக இந்திய நீதிமன்றங்கள் இதையேதான் சொல்லி வருகின்றன. அப்படியானால் செல்லாது என்று ஊரறிந்த ஒரு பிரிவை நிறுவனங்கள் ஏன் இன்றும் ஒவ்வோர் ஆஃபர் லெட்டரிலும் அச்சடித்துக் கொடுக்கின்றன? ஒரு மாவட்ட நீதிமன்றம் அதை நம்பித் தடை போடும் அளவுக்கு அதற்கு உயிர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கட்டுரை தேடுவது அந்த உயிர் இருக்கும் இடத்தை.

சட்டத்தின் வயதிலிருந்து தொடங்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 ஏப்ரலில் இயற்றப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 27ஆம் பிரிவு மிகச் சுருக்கமானது. சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் வணிகத்தையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது. வணிகத்தின் நற்பெயரை விற்றவர் அதே வட்டாரத்தில் போட்டிக் கடை திறக்கக் கூடாது என்பது மட்டும் விதிவிலக்கு. இங்கிலாந்தில் அன்றே வேறு வழக்கம் நிலைபெற்றிருந்தது. 1711இல் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வழக்கில், தடை நியாயமான அளவில் இருந்தால் செல்லும் என்று அங்கே முடிவாகியிருந்தது. எத்தனை ஆண்டு, எத்தனை மைல், யாருக்கு என்ன நட்டம் என்று ஆங்கில நீதிபதிகள் எடை போட்டார்கள். இந்தியச் சட்டம் அந்தத் தராசையே தூக்கி வைத்துவிட்டது.

இந்தப் பிரிவின் பூர்வீகம் லண்டனில் இல்லை, நியூயார்க்கில் இருக்கிறது. டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் நியூயார்க் மாநிலத்துக்காக ஒரு குடிமைச் சட்ட வரைவைத் தயாரித்தார்; 1865இல் அது நிறைவுற்றது. நியூயார்க் அதை ஏற்கவில்லை. கலிபோர்னியா ஏற்றது, 1872 மார்ச்சில் தன் குடிமைச் சட்டமாக்கியது. அடுத்த மாதமே, அதே வரைவிலிருந்து எடுத்த சொற்களோடு கல்கத்தாவில் நம் ஒப்பந்தச் சட்டம் பிறந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு பொறியாளர் இன்று ஒரு நிறுவனத்தை விட்டு நாளை எதிர் வீட்டு நிறுவனத்தில் சேரலாம் என்ற உரிமையும், பெங்களூரிலும் சென்னை ஓ.எம்.ஆரிலும் அதே உரிமையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒருகாலத்தில் கணினித் தொழில் கலிபோர்னியாவுக்கு இணையாக நின்றது, பிறகு பின்தங்கியது. அதற்கான காரணங்களில் ஒன்று கலிபோர்னியாவில் ஆட்கள் தடையின்றி நிறுவனம் மாறியதே என்று சட்ட அறிஞர் ரொனால்ட் கில்சன் 1999இல் எழுதினார். அங்கே தொழில் வளர்த்த அதே விதைதான் இங்கும் ஊன்றப்பட்டது.

இந்தியாவில் இந்தப் பிரிவுக்கு வந்த முதல் பெரிய சோதனை 1874இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில். ஒரே தெருவட்டாரத்தில் இரண்டு தரப்புப் பித்தளை வியாபாரிகள். புதிதாக வந்தவர் கடையை மூடினால், அவர் தம் வேலையாட்களுக்குக் கொடுத்திருந்த 900 ரூபாய் முன்பணத்தைத் தாங்கள் தந்துவிடுவதாகப் பழைய கடைக்காரர்கள் சொன்னார்கள். அவர் மூடினார். இவர்கள் பணம் தரவில்லை. தடை சிறிய இடத்துக்கு மட்டும் என்றாலும் அது தடையே, ஆகவே ஒப்பந்தமே செல்லாது, ஆகவே பணமும் கிடையாது என்று தலைமை நீதிபதி கௌச் தீர்ப்பளித்தார். தொழில் சுதந்திரத்தின் மூல வழக்கில் கையைச் சுட்டுக்கொண்டவர், தடுக்கப்பட்ட எளிய வியாபாரியே. ஆனாலும் விதி கல்லில் செதுக்கினாற்போல் நின்றது.

அடுத்து 1885. பிரம்மபுத்திரா தேயிலை நிறுவனம், வேலையை விட்டுப்போன தன் உதவி அலுவலர் ஸ்கார்த் என்பவர் மேல் வழக்குத் தொடுத்தது. விலகியபின் ஐந்தாண்டு காலம், தன் தோட்டங்களைச் சுற்றி 40 மைலுக்குள் தேயிலைத் தொழிலில் அவர் இறங்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. பணியில் இருக்கும்வரை கட்டுப்படுத்தலாம், பணி முடிந்தபின் கட்டுப்படுத்த முடியாது என்று கல்கத்தா நீதிமன்றம் சொன்னது. இன்று மென்பொருள் வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் கோடு அன்றே கிழிக்கப்பட்டது.

அந்த வழக்கின் ஆண்டையும் தொழிலையும் கவனிக்க வேண்டும். 1885இல் தேயிலைத் தோட்டத்து அலுவலருக்கு நீதிமன்றம் விடுதலை கொடுத்தபோது, அதே தேயிலைச் செடியின் நிழலில் இலை கிள்ளிய கூலியாளுக்கு என்ன சட்டம் இருந்தது? முன்பணம் வாங்கிய கைவினைஞரோ தொழிலாளியோ வேலையை விட்டுப் போனால், நீதிபதியின் ஆணைக்குப் பிறகும் வேலைக்குத் திரும்பவில்லை என்றால் மூன்று மாதம் வரை கடுங்காவல் என்று 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் சொன்னது. கல்கத்தா வணிகர் சங்கத்தின் விண்ணப்பத்தால் பிறந்த அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பரவியது, 1925இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் இரண்டும் ஒரே நாட்டில் ஒன்றாக இருந்தன. ஒப்பந்தச் சட்டம் ஒருவரைப் போகவிட்டது. முன்பணச் சட்டம் இன்னொருவரைச் சிறைக்கு அனுப்பியது. தொழில் சுதந்திரம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. நீதிமன்றம் வரை நடக்கக் கால் இருந்தவருக்கு மட்டும் அது கிடைத்தது.

தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான கதை இலங்கையில் இருக்கிறது. நம் மாவட்டங்களிலிருந்து மலையகம் போன தோட்டத் தொழிலாளரிடம் துண்டு என்ற ஒரு சீட்டு முறை இருந்தது. கங்காணியும் அவர் ஆட்களும் தோட்டத்துக்குப் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவர் இந்த ஆட்களை அழைத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் காலெடுத்து வைக்க முடியாது. புதிய துரை கடனைக் கட்டிவிட்டு ஆட்களை ஏற்பார். அந்தத் தொகை ஆட்களின் தலையில் புதிய கடனாக ஏறும். வேலை மாறுவதைத் துண்டு தடை செய்யவில்லை, விலை வைத்தது. அந்த விலையைத் தொழிலாளி பேரம் பேசவும் முடியாது. பொன்னம்பலம் அருணாசலம் போன்ற தலைவர்கள் தோட்டத் தொழிலாளரின் அடிமைக் கட்டுகளுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

இன்றைய மென்பொருள் ஊழியரின் கையில் இருக்கும் சீட்டுக்கு ரிலீவிங் லெட்டர் என்று பெயர்.

கூலியாளையும் குளிரூட்டிய அறையில் உட்காரும் பொறியாளரையும் நான் சமமாக்கவில்லை. சிறைத் தண்டனை இல்லை, பட்டினி இல்லை, சம்பளம் பல மடங்கு. ஆனால் சீட்டின் வேலை அதே வேலை. ஒருவர் புதிய நிறுவனத்தில் ஆஃபர் வாங்கி, பழைய இடத்தில் பேப்பர் போட்டபின் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். புதிய நிறுவனம் கேட்பது ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று. அவர் சேர்ந்தபின் ஒரு வெரிஃபிகேஷன் நிறுவனம் பழைய எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பும். 2014இல் வருங்கால வைப்பு நிதிக்கு யு.ஏ.என். என்ற ஒற்றை எண் வந்தபின், ஒருவர் எங்கே எந்தத் தேதிவரை இருந்தார் என்பதை மறைக்க வழியே கிடையாது. அதற்கும் முன்பே, 2006இல், மென்பொருள் நிறுவனங்களின் நாஸ்காம் அமைப்பு, ஊழியர் விவரங்களைத் திரட்டும் நேஷனல் ஸ்கில்ஸ் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டைத் தொடங்கியிருந்தது. பழைய எச்.ஆர். ‘அப்ஸ்காண்டிங்’ (சொல்லாமல் ஓடியவர்) என்று ஒற்றைச் சொல்லைப் பதிலாக அனுப்பினால் போதும், புதிய வேலை ஆட்டம் காணும்.

எனவே பழைய நிறுவனம் நீதிமன்றம் போகத் தேவையே இல்லை. கடிதத்தைத் தராமல் இழுத்தடித்தால் போதும். குறித்த காலத்துக்குள் விலகினால் தருவதாக எழுதிய பாண்டுத் தொகையைக் கட்டு, நோட்டீஸ் காலத்துக்குப் பணம் கட்டு, போட்டி நிறுவனத்துக்குப் போக மாட்டேன் என்று இன்னொரு தாளில் கையெழுத்துப் போடு என்று வரிசையாக நிபந்தனை வரும். 27ஆம் பிரிவு கொன்ற ஒப்பந்தம் இங்கேதான் எழுந்து நடமாடுகிறது. செல்லாத ஒரு பிரிவுக்கு, செல்லுபடியாகும் ஒரு சீட்டு உயிர் கொடுக்கிறது. இதில் மிகவும் அடிபடுபவர்கள் சின்ன நிறுவனங்களில் முதல் வேலையில் சேரும் பிள்ளைகள். சிலரிடம் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை வாங்குகிறார்கள். சிலரிடம் பட்டச் சான்றிதழின் அசலையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் இல்லை, அதைக் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு அந்தப் பிள்ளைகளின் காதுக்கு எட்டுவதில்லை.

நம் வட்டாரத்தில் இது இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. நெய்வேலி, 1956இல் பொதுத்துறை நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து, ஒரே முதலாளியிடம் வாழ்நாள் முழுக்க வேலை என்ற நம்பிக்கையில் எழுந்த நகரியம். பிளாக் பிளாக்காக வீடுகள், பள்ளி, மருத்துவமனை எல்லாமே வேலையோடு வந்தவை. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் பணி நிரந்தரம் கேட்டு, அதாவது தங்குவதற்காக. வேலையை விட்டுப் போக உரிமை வேண்டும் என்பது அந்தக் குடும்பங்களுக்குப் பழக்கமில்லாத கவலை. மகளோ மகனோ கொண்டுவரும் ஆஃபர் லெட்டரில் சம்பளமும் சேரும் தேதியும் இருக்கும் பக்கத்தைப் படிக்கிறார்கள். விலகும்போது என்ன என்ற பக்கத்தை யாரும் படிப்பதில்லை. கேம்பஸ் தேர்வில் கிடைத்த வேலையில் பிரிவு பிரிவாகக் கேள்வி கேட்கும் துணிவு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ கடலூர்க் கல்லூரி ஒன்றிலோ முடித்து வந்த பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

இடமும் ஒரு கணக்கு. ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தை விட்டால் சாலைக்கு எதிர்ப்புறம் இன்னொன்று. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பிள்ளைகள் ஊர்ப்பக்கமே இருந்து மென்பொருள் வேலை பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் நாலைந்து நிறுவனங்கள் மட்டும் இருக்கும் ஓர் இடத்தில், ‘இதே தொழில் செய்யும் நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது’ என்ற வரி, ‘ஊரை விட்டுப் போ’ என்ற வரிதான். சிற்றூருக்கு வேலையைக் கொண்டுவரும் திட்டம் ஒவ்வொன்றும் இந்தப் பிரிவைச் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய நிறுவனங்களின் கதைக்கு வருவோம். 2022இல் கொரோனாவுக்குப் பிந்தைய வேலைப் பெருக்கத்தில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக மாறினார்கள். இன்ஃபோசிஸில் அந்த ஆண்டின் ஜனவரி–மார்ச் காலாண்டுக் கணக்கில் விலகல் விகிதம் 27.7 சதவீதம். அந்த ஏப்ரலில் புணேயைச் சேர்ந்த நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஒரு புகார் அனுப்பியது. இன்ஃபோசிஸ் ஒப்பந்தத்தில், விலகியபின் 12 மாதங்களுக்கு, ஊழியர் தாம் கடைசி ஓராண்டில் வேலை செய்த வாடிக்கையாளரிடம் சேரக் கூடாது என்று இருந்தது. டி.சி.எஸ்., அக்சென்ச்சர், ஐ.பி.எம்., காக்னிசன்ட், விப்ரோ ஆகிய ஐந்து நிறுவனங்களில் சேர்ந்து அதே வாடிக்கையாளருக்கு வேலை செய்யவும் கூடாது என்று பெயர் சொல்லியே இருந்தது. இது உலகெங்கும் உள்ள வழக்கம்தான், மற்ற நிறுவனங்களில் சேர்வதைத் தடுப்பதில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். அமைச்சகம் இரு தரப்பையும் பேச அழைத்தது. அதைத் தாண்டி எந்த விதியும் பிறக்கவில்லை.

அடுத்த ஆண்டு இன்னொரு காட்சி. விப்ரோவின் தலைமை நிதி அதிகாரியாக இருந்த ஜதின் தலால் காக்னிசன்ட்டுக்குப் போனார். ஓராண்டுத் தடைப் பிரிவைக் காட்டி விப்ரோ பெங்களூரு நீதிமன்றத்தில் 25 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. 2024இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, ஏறத்தாழ 4 கோடி ரூபாய், கொடுத்தது காக்னிசன்ட். துண்டுக் கடனைப் புதிய துரை கட்டி அழைத்துப்போன கதைக்கு இது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது! மேலே இருப்பவருக்கு நிறுவனம் கட்டுகிறது. கீழே இருப்பவர், நகையை அடகு வைத்தோ அப்பாவின் சேமிப்பிலிருந்தோ தாமே கட்டுகிறார்.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அதை நேராகப் பார்க்க வேண்டும். சேவை நிறுவனம் விற்பது மனித உழைப்பின் மணி நேரத்தை. வாடிக்கையாளர் அந்த மனிதரையே நேராக வேலைக்கு எடுத்துக்கொண்டால் நடுவில் இருப்பவரின் வணிகம் போய்விடும். மூலக் குறியீடு, விலைப் பட்டியல், வாடிக்கையாளரின் கட்டமைப்பு விவரம் இவை வெளியே போனால் நட்டம் உண்மையானது. ஆனால் இந்த ஒவ்வொன்றுக்கும் ஊழியரின் கழுத்தைப் பிடிக்காத மருந்து சட்டத்தில் இருக்கிறது. ரகசியம் காக்கும் கடமை, பணி முடிந்தபின்னும் நீடிக்கும். நம்மிடம் வணிக ரகசியத்துக்குத் தனிச் சட்டம் இல்லை என்பது குறைதான். சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289ஆம் அறிக்கையில் அப்படி ஒரு சட்டத்தைப் பரிந்துரைத்திருக்கிறது. ஒப்பந்தம் செய்த நிறுவனமே ஆளைக் கவர்ந்தால் அந்த நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போடலாம் என்று விப்ரோ, பெக்மன் கூல்டர் வழக்கில் 2006இலேயே தில்லி உயர் நீதிமன்றம் வழி காட்டிவிட்டது. இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உறுதி அது, ஊழியரின் மேல் போட்ட விலங்கு இல்லை என்றது நீதிமன்றம்.

இந்தக் கடைசித் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஊழியர் கையெழுத்திடாத, கண்ணிலும் காணாத ஓர் ஒப்பந்தத்தால் அவருக்கு ஒரு வாசல் மூடப்படுகிறது. விண்ணப்பித்த இடத்திலிருந்து பதில் வராமல் போகும். காரணம் அவருக்குத் தெரியவே தெரியாது. ஆப்பிள், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்கள் ஒருவர் ஆளை ஒருவர் எடுப்பதில்லை என்று தமக்குள் பேசிவைத்ததற்காக 2015இல் 41.5 கோடி டாலர் இழப்பீடு கட்ட ஒப்புக்கொண்ட வழக்கை இங்கே நினைக்கலாம்.

பாண்டு வேறு வகை, அதை இதோடு குழப்பக் கூடாது. பணியில் இருக்கும் காலத்துக்குப் போடும் கட்டுப்பாடு செல்லும் என்பது 1967இல் உச்ச நீதிமன்றம் தந்த கோலிகாரி தீர்ப்பிலிருந்து நிலைபெற்றது. கல்யாண் நகரில் டயர் நூல் ஆலை வைத்த செஞ்சுரி நிறுவனம், ஹாலந்து, ஜெர்மனி நிறுவனங்களிடம் தொழில்நுட்பம் வாங்கி, கோலிகாரி என்பவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஷிப்ட் மேற்பார்வையாளராக எடுத்தது. அவர் இரண்டாண்டு முடியுமுன் கோட்டாவில் உள்ள போட்டி ஆலைக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவரைத் தடுப்பது சரி என்றது நீதிமன்றம். 2025 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த விஜயா வங்கித் தீர்ப்பும் அதே தடத்தில் போகிறது. மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற பாண்டு செல்லும். பொதுத்துறை நிறுவனம் ஆள் எடுக்க விளம்பரம், தேர்வு என்று செலவழிக்கிறது, அந்த இழப்பை ஈடு கேட்பதில் தவறில்லை என்றது. பொதுத்துறை ஊரான நெய்வேலியின் இளம் பொறியாளர்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு. ஆனால் அதைத் தனியார் நிறுவனங்கள் கொடியாக ஏந்துவதை ஏற்க முடியாது. அந்த வழக்கில் விலகியவர் மூத்த மேலாளர். தொகை முன்கூட்டியே அறிவிப்பில் இருந்தது. பொதுத்துறை ஆள் எடுப்பது நீண்ட, திறந்த நடைமுறை. ஒரு மாதம் வகுப்பெடுத்துவிட்டு, ஆண்டுச் சம்பளத்தில் பாதியைப் பாண்டாகக் கேட்கும் நிறுவனம் அந்த வரிசையில் வராது. 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை முழுதும் இல்லை.

கட்டுப்படுத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள கரும்பு விவசாயிக்குக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1842 முதல் சர்க்கரை காய்ச்சும் ஊர் இது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஓர் ஆலைக்கு ஒதுக்கிய பகுதியில் பதிவு செய்த கரும்பு அந்த ஆலைக்கே போக வேண்டும். கரும்பை வெட்ட ஆலை தரும் கட்டிங் ஆர்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்து ஆலை கூடுதலாகத் தந்தாலும் வண்டியைத் திருப்ப முடியாது. அதில் விவசாயிக்குக் குறைகள் நிறைய உண்டு. 2012இல் ரங்கராஜன் குழுவே அந்த ஒதுக்கீட்டைக் கைவிடச் சொன்னது. ஆயினும் அந்தக் கட்டு இரண்டு பக்கமும் கட்டியது. அரசு அறிவித்த விலைக்குக் குறையாமல் ஆலை வாங்க வேண்டும், 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. பாக்கிக்காக விவசாயிகள் ஆண்டுதோறும் தெருவில் இறங்குவது அந்த விதி ஏட்டில் இருப்பதால்தான் முடிகிறது. மென்பொருள் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். ஊழியர் ஓராண்டு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று இருக்கும். அந்த ஓராண்டுக்கு நிறுவனம் என்ன சம்பளம் தரும் என்று இருக்காது. ஜெர்மனியில் இப்படித் தடை போடுகிற நிறுவனம், தடை நீடிக்கும் காலம் முழுக்கக் கடைசிச் சம்பளத்தில் பாதியாவது தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விலை கொடுக்க வேண்டும் என்று வந்தால் எத்தனை நிறுவனங்கள் ஒரு புதுப் பொறியாளருக்கு அந்தப் பிரிவை எழுதும்?

27ஆம் பிரிவின் உண்மையான ஓட்டை இங்கே இருக்கிறது. அது அத்தகைய ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. எழுதாதே என்று சொல்லவில்லை. எழுதியவருக்குத் தண்டனை இல்லை, நட்டம் இல்லை. பத்துப் பேரில் ஒருவர் பயந்தாலும் எழுதியவருக்கு லாபம். ஒரே ஆண்டில் பிறந்த கலிபோர்னியாச் சட்டத்துக்கும் இதே ஓட்டை இருந்தது. அவர்கள் அடைத்துவிட்டார்கள். 2024 ஜனவரி 1 முதல் அங்கே அந்தப் பிரிவை ஒப்பந்தத்தில் எழுதுவதே சட்ட மீறல். ஏற்கெனவே எழுதியிருந்த நிறுவனங்கள், பிப்ரவரி 14க்குள் ஒவ்வோர் ஊழியருக்கும், 2022 தொடக்கத்துக்குப்பின் விலகியவர்களுக்கும்கூட, அது செல்லாது என்று தனித்தனியாகக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. அமெரிக்கா முழுமைக்கும் தடை கொண்டுவர ஃபெடரல் டிரேட் கமிஷன் அதே ஆண்டு ஏப்ரலில் முயன்றது. ஆகஸ்டில் டெக்சாஸ் நீதிமன்றம் அதை நிறுத்தியது. கலிபோர்னியாவின் விதி நிலைத்து நிற்கிறது. நம்மிடம் ஒரு நிறுவனமாவது தன் முன்னாள் ஊழியருக்கு ‘நாங்கள் எழுதிய இந்தப் பிரிவு உங்களைக் கட்டாது’ என்று கடிதம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிரிவை ஒழிப்பது பாதி வேலை. சீட்டை விடுவிப்பது மறு பாதி, எனக்கு அதுவே முதன்மை. ஆலைத் தொழிலாளிக்கு ஒரு வழி இருந்தது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகளில், நிரந்தரத் தொழிலாளிக்கு வேலை முடியும்போது பணிச்சான்று கிடைப்பது உரிமையாக இருந்தது. நிர்வாகத்தின் கருணை அங்கே பேச்சில்லை. மென்பொருள் நிறுவனங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்குத் தந்து கர்நாடகம் மீண்டும் மீண்டும் அதை நீட்டித்து வந்தது. தமிழ்நாடு 2016இல், மென்பொருள் ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தெளிவாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் எழுந்த ஆட்குறைப்புப் போராட்டத்தின் பலன் அது. இந்த மாநிலத்துக்கு இந்த விஷயத்தில் முன்னே நடந்த வரலாறு இருக்கிறது.

இப்போது ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, பதவி விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்கிறது. 45 நாள், 60 நாள் என்று ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கை இழுத்த பழக்கத்துக்கு அது ஓர் அடி. பணத்துக்குக் கெடு வைத்த சட்டம் கடிதத்துக்கு வைக்கவில்லை. தமிழ்நாடு அரசு, தனக்குள்ள அதிகாரத்தில், நோட்டீஸ் காலத்தை முடித்த எந்த ஊழியருக்கும் அதே இரண்டு நாளுக்குள் ரிலீவிங் லெட்டரும் பணிச்சான்றும் தர வேண்டும், பாண்டுத் தகராறு இருந்தால் நிறுவனம் அதைத் தனியாக நீதிமன்றத்தில் நிரூபித்து வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்காகக் கடிதத்தை நிறுத்தி வைத்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் கட்ட வேண்டும் என ஒரு விதி கொண்டுவரலாம். கடலூர் தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தோடு முடியும்படி அதை எழுத வேண்டும். வழக்கறிஞர் வைத்துச் சென்னைக்கு அலையும்படி இருந்தால் பயன் இல்லை. தகராறு இருக்கும் தொகையையும் சீட்டையும் பிரித்துவிட்டால், செல்லாத பிரிவை எழுதி வைத்துக்கொண்டு நிறுவனம் பிடித்துக்கொள்ள ஊழியரின் கையில் எதுவும் மிஞ்சாது.